கார் ரேஸ் வளைவில் மாமாவுக்கு வைத்த போர்டு

மத்திகிரி
14.08.2007, செவ்வாய்க்கிழமை

பர்கூர் ஆஞ்சப்பன் மெத்தை ஹவுஸ் உரிமையாளரும், என் அம்மாவுடன் பிறந்த ஒரே ஆண்பிள்ளையும், ரஞ்சிதா அக்காவுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதவருமான மாமா அவர்களுக்கு, மருமகன் அஸ்வின் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான், அம்மா, அப்பா, அக்கா நான்கு பேரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மனதளவில் நன்றாக இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அங்கே நீங்களும், சம்பங்கி அத்தையும், கடையும், கடையில் உள்ள மெத்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் மூன்று வேளையும் வேண்டிக்கொள்கிறோம். போனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறீர்கள். சனிக்கிழமையிலிருந்து அதுவும் இல்லை. எங்கள் போன் பாதி நேரம் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்வதால், நீங்கள் ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டதை ஒரு பெண்மணி கன்னடத்தில் மிகவும் வருத்தமாகச் சொல்கிறார். அதனால்தான் அம்மா, "கடுதாசி எழுதுடா. பேசற மாதிரி எழுதாத, மரியாதையா எழுது. பெரிய மனுசனுக்கு எழுதற" என்று பேப்பரையும் பேனாவையும் என் முன்னால் போட்டுவிட்டு, நான் முடிக்கும் வரை சோறு இல்லை என்று அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது.

மாமா, விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி பிறந்து வருகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் நம் வீட்டுப் பெண் மணையில் உட்காரும். நீங்கள் போன வியாழக்கிழமை மெல்வின் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் என்னைப் பார்த்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "நாகு, ஒம்பொண்ணுக்கு வேற மாமன் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, காலில் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். வேறு மாமனுக்கு நாங்கள் எங்கே போவது? அதனால் நீங்கள் பார்த்தது பாதிதான் என்பதையும், மீதிப் பாதி முழுக்க முழுக்க மரியாதை என்பதையும் விளக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு பெரிய உலக விஷயத்தைச் சொல்ல வேண்டும், அது தெரிந்தால் உங்கள் கோபம் பாதி இறங்கிவிடும். கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடும்போது ரோட்டோரம் போர்டுகள் வருமே, அவற்றைச் சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்புறம் இன்டர்நெட்டில் ஒரு ஃபோரத்தில் படித்தேன், படித்துவிட்டு சீட்டிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன் மாமா. பல கேம்களில் நிஜமான கம்பெனிகள், நிஜமான பணம் கொடுத்து, இல்லாத ஊரில் இல்லாத ரோட்டில் போர்டு வைக்கிறார்கள்! டயர் கம்பெனி, ஆயில் கம்பெனி, கூல்டிரிங்க்ஸ் கம்பெனி, எல்லாரும். துப்பாக்கி சுடுகிற கேமில் ஹீரோ ஒளிந்துகொள்ளும் சந்தில் கூல்டிரிங்க்ஸ் மெஷின் ஒன்று நிற்கும், அதுவும் விளம்பரம். ஃபுட்பால் கேமில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிற எழுத்து, அதுவும் விளம்பரம். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள். டிவியில் விளம்பரம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அப்பா தண்ணீர் குடிக்கப் போகிறது, அம்மா அடுப்பைப் பார்க்கப் போகிறது, நீங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு அரசியல் பேசுகிறீர்கள். கேமில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் தண்ணீர் குடிக்கப் போவானா? கண்ணைச் சிமிட்டவே மாட்டான். அவன் கண் முன்னால் போய் நிற்கிறான் இந்த விளம்பரக்காரன்.

நம் ஊர் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பொங்கலுக்குக் கட்டினது ஆடி மாதம் வரைக்கும் தொங்கும். வெயிலில் மூஞ்சி வெளுத்துவிடும். காற்றில் கிழிந்தால் யாராவது கழற்றிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைக்கு மேலே போட்டுவிடுவார்கள். பிறகு போர்டில் இருக்கிற பெரிய மனிதர்கள் எல்லாரும் மாட்டைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். கேமில் வைத்த போர்டுக்கு வெயில் இல்லை, காற்று இல்லை, ஆடு கடிக்காது, எதிர்க்கட்சிக்காரன் சாணி அடிக்க மாட்டான். மழை பெய்யும், ஆனால் மழையில்தான் அது இன்னும் அழகு. ஈர ரோட்டில் அந்த போர்டு வெளிச்சம் தலைகீழாக விழுந்து நம் வண்டி போகப் போக நடுங்கும் பாருங்கள், ஒரு விளம்பரத்தைப் பார்ப்பதற்காகவே நான் வண்டியை ஓரம் கட்டினது அன்றைக்குத்தான். இப்போது புதுசாக வருகிற கேம்களில் இன்டர்நெட் வழியாகவே போர்டை மாற்றிவிடுகிறார்களாம். நேற்று சிப்ஸ் பாக்கெட் நின்ற இடத்தில் இன்றைக்கு புதுக் கார். ஏணி வேண்டாம், கயிறு வேண்டாம், மேலே ஏறின ஆள் கீழே விழுந்து கையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

சரி, இதில் நான் எப்படி நுழைந்தேன் என்று கேட்பீர்கள். நான் எந்தக் கோர்ஸும் படிக்கவில்லை. அதே ஃபோரத்தில் போலந்து நாட்டுக்காரர் ஒருவர், என்னைப் போலவே தப்புத் தப்பாக இங்கிலீஷ் எழுதுகிறவர், எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கேம் இருக்கிற ஃபோல்டருக்குள் போனால் போர்டு படங்கள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றைத் திறந்து, அதே நீளம், அதே அகலத்தில் நம் படத்தை வைத்து, அதே பெயரில் சேவ் செய்தால் முடிந்தது. முதலில் ஒரு ஆயில் கம்பெனியை எடுத்துவிட்டு அம்மா படத்தை வைத்தேன். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். கேம் வண்டியிலிருந்து பார்த்துவிட்டு அம்மா, "ஏன்டா ரோட்டுல நிக்க வெச்சிருக்க, வெயிலு" என்றது. அவ்வளவு நிஜம் மாமா!

அப்போதுதான் அக்கா கல்யாணம் முடிவாயிற்று. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. கல்யாண போர்டில் யார் படம் எங்கே, எவ்வளவு பெரிசு என்பதில் எத்தனை குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிருக்கிறது! தாய்மாமன் படம் மேலே, பெரிசாக இருக்க வேண்டும். மத்திகிரி முக்கில் வைக்கிற போர்டை ஊர்க்காரர்கள்தான் பார்ப்பார்கள், கேமுக்குள் வைத்தால் வருங்காலமே பார்க்கும் என்று நினைத்தேன். கேமுக்குள்ளும் மரியாதைப்படி உங்களுக்குத்தான் முதல் இடம் தர வேண்டும். ஆனால் எது முதல் இடம்? மூன்று நாள் நோட்டுப் புத்தகத்தோடு மெல்வின் அண்ணன் சென்டரில் எட்டு சிஸ்டத்துக்கும் பின்னால் நின்று பார்த்தேன். ஸ்டார்ட்டிங்கில் எல்லாரும் பக்கத்து வண்டியை முறைக்கிறார்கள். பாலத்தில் மேப்பைப் பார்க்கிறார்கள். ஃபினிஷ் லைனில் கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறார்கள். பாலம் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு வருகிறது பாருங்கள், அங்கே மட்டும் மோதாத ஆளே கிடையாது. மோதினால் வண்டி முழுசாக நான்கு விநாடி நிற்கும், எதிரில் இருக்கிற போர்டை நேருக்கு நேர் பார்த்தபடி. அந்த நான்கு விநாடியில் வேறு எதையும் பார்க்க முடியாது மாமா. இந்த உலகத்திலேயே விலை மதிக்க முடியாத இடம் அதுதான். அதைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். அப்பாவை எங்கே வைத்தேன் தெரியுமா? பெட்ரோல் பங்க் பின்சுவரில், டாய்லெட் அம்புக்குறிக்குப் பக்கத்தில், ஸ்டாம்ப் அளவு. மாப்பிள்ளை வீட்டாருக்கு இடமே இல்லை.

உங்கள் கடை காலண்டரில் கும்பிட்டுக்கொண்டு நிற்பீர்களே, அந்தப் படத்தைத்தான் ஸ்கேன் செய்தேன். "தாய்மாமன் அழைக்கிறார், வருக வருக" என்று மேலே, கடைப் பெயரும் பர்கூர் விலாசமும் கீழே. அந்த வளைவுக்கு ஒரு மெத்தைக்கடை போர்டைவிடப் பொருத்தமானது எதுவும் இருக்க முடியாது என்பதையும் யோசித்துப் பாருங்கள். கஸ்டமர் முன்னால் நீங்களே மெத்தை மேல் தொப்பென்று விழுந்து காட்டுவீர்களே, வெளிநாட்டில் அதற்குத்தான் டெமோ என்று பெயர். நீங்கள் படிக்காமலே செய்கிறீர்கள். அந்த வளைவில் எல்லாரும் உங்களுக்காக டெமோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பு நடந்தது இரண்டு இடத்தில். ஒன்று, மோதினால் போர்டு சாயும் என்பதை நான் மரியாதைக் கோணத்தில் யோசிக்கவில்லை. அடுத்த ரவுண்டில் தானாக எழுந்து நின்றுவிடும், அதுவும் சிரித்த முகத்தோடு. அது எனக்குப் பெருமையாகத்தான் பட்டது. இரண்டு, கேம் செய்தவர்கள் மெமரி மிச்சம் பிடிக்க ஒரே படத்தைப் பதினோரு இடத்தில் ஒட்டியிருந்தார்கள். என்ன சிக்கனம் பாருங்கள். அதில் ஒரு இடம் குப்பை லாரி. சத்தியமாக எனக்குத் தெரியாது மாமா.

இப்போது வியாழக்கிழமை. அக்கா கல்யாணத்துக்கு எனக்குத் துணி எடுக்க நீங்கள் பர்கூரிலிருந்து வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பிரவுசிங் சென்டர் கர்ட்டனை விலக்கின நேரத்தில் எட்டு பையன்களும் ஒன்றாக ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தது என் போதாத காலம். நீங்கள் உள்ளே வந்தபோது காதில் விழுந்தது இதுதான்:

"மாமா வராருடா, மாமா வராருடா, ஏத்து!"

"அடிச்சன் பாரு! பல்லு போச்சு மாமாவுக்கு!"

"எங்க போச்சு? இன்னும் சிரிக்கிறாரு பாரு. இன்னொரு தபா வுடு!"

எட்டாவது படிக்கிற ஜெகதீஷ்தான் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றுவிட்டான். "டேய், போர்டு மாமா! நேர்ல வந்துட்டாருடா!" எட்டு பேரும் எழுந்து நின்றார்கள். நம் கலெக்டர் வந்தால்கூட எழுந்திருக்காத பசங்கள். ஜெகதீஷ் கிட்டே வந்து, "சார், நான் ஒங்கள நாப்பத்திரண்டு தடவ இடிச்சிருக்கன் சார். சூப்பர் சார் நீங்க" என்று கை கொடுத்தான். அவன் மனதில் கள்ளம் இல்லை மாமா, நீங்கள்தான் கையை வாங்கவில்லை.

"ஏன்டா அஸ்வினு, ஒனக்குச் சட்ட எடுக்க அறுபது கிலோமீட்டர் வந்தவன்டா நானு. எம்மூஞ்சில வண்டி ஏத்தறதுக்கா கூப்புட்ட?" என்று கேட்டீர்கள்.

"அது பெஸ்ட் ஸ்பாட் மாமா" என்றேன்.

அந்த நேரம் பார்த்தா ஸ்க்ரீனில் அந்தக் குப்பை லாரி மெதுவாகக் கடந்து போக வேண்டும்?

"அதுலயும் நான்தானா?"

மெல்வின் அண்ணன் நல்லது செய்வதாக நினைத்து, "சார், ஒக்காருங்க, டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேணாம்பா. அந்த கிளாஸ்லயும் எம்மூஞ்சி இருந்தா என்ன பண்றது?"

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் போன பிறகு வீட்டில் நடந்தது தெரியாது. அப்பா மட்டும், "இருவத்தஞ்சு வருசமா நான் நெனச்சதப் பையன் செஞ்சிட்டான்" என்று சொல்லிச் சிரித்தது, அம்மா கரண்டியை விட்டெறிந்தது. (இதை எழுதாதே என்று அம்மா சொன்னது. பேனாவால் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை. அப்பாவும் கரண்டி பட்டபிறகு மிகவும் வருத்தப்பட்டது.) அக்கா என்னிடம் பேசுவதே இல்லை. மாமா வராவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக்கூடப் போய் வாங்காமல் இருக்கிறது. எதுக்கும் அழாத அக்கா மாமா அது. பத்தாவதில் கணக்குப் பேப்பர் போனபோதே அழவில்லை. நேற்று பீரோவில் துணி அடுக்கிக்கொண்டே, "மாமா கைதான்டா பெரிய கை. சின்ன வயசுல ஓசூர் தேர்க்கூட்டத்துல அந்தக் கைய புடிச்சிட்டா தொலஞ்சிபோற பயமே வராது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னது. என்னிடம் பேசவில்லை, சுவரிடம்தான் பேசியது. ஆனாலும் கேட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஷின் அப்பா உங்கள் கடைக்கு வந்தாராமே. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துத் தூங்காமல், நேராக பஸ் ஏறி வந்தார் அவர். "எம்பையன் ஒங்கள தெனமும் இடிக்கிறானாம், அதான் பாத்துட்டு ஒரு டபுள் காட் மெத்த வாங்கலாம்னு வந்தன்" என்று அவர் சொன்னதும் நீங்கள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு துரத்தினீர்களாம். அவர் கிண்டல் செய்யவில்லை மாமா, அது அறிமுகம். ஓசூரில் இருக்கிற அத்தனை மெத்தைக்கடையையும் தாண்டி ஒரு மனிதன் பர்கூர் வரை வந்திருக்கிறான் என்றால் அதுதான் இந்த விளம்பரத்தின் சக்தி. எங்கள் தெரு டீக்கடை வெங்கடப்பன் அண்ணன்கூட, "எனக்கும் ஒண்ணு போடப்பா. எத்தன இடி வேணாலும் வாங்கிக்கறன்" என்று கேட்டார். மாட்டேன், அந்த இடம் எங்கள் மாமாவுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது சந்தோஷமான செய்தி. வெள்ளிக்கிழமையே அந்தப் பதினோரு இடத்திலிருந்தும் உங்களை எடுத்துவிட்டேன். குப்பை லாரி காலி. வளைவில் பழைய டயர் கம்பெனியே நிற்கிறது. உங்களை யாரும் இடிக்கவே முடியாத ஒரு இடத்தைக் கேம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த ஊருக்கு மேலே ஒரு பெரிய பலூன் கப்பல் பறந்துகொண்டிருக்கும், அதன் வயிற்றில் ஒரு போர்டு. அங்கேதான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். சுற்றிலும் வெள்ளை மேகம். பின்னால் லேசான வெளிச்சம். எந்த ரோட்டில் போனாலும் மேலே பார்த்தால் நீங்கள் தெரிவீர்கள். இடம் சின்னது என்பதால் எழுத்தைக் குறைத்து, உங்கள் பெயரையும் "நிம்மதியான உறக்கம்" என்ற கடை வாசகத்தையும் மட்டும் வைத்தேன். சும்மா இருந்தால் வெறிச்சென்று தெரிகிறதே என்று, மரியாதைக்கு உங்கள் படத்தைச் சுற்றி நல்ல ரோஜா மாலையாக ஒன்று போட்டிருக்கிறேன். அந்த மாலை வேலைக்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று, ஒவ்வொரு பூவாக வைத்தேன். மெல்வின் அண்ணன் பார்த்துவிட்டு, "டேய், எதுக்கும் உங்கம்மாகிட்ட ஒரு தரம் காட்டிட்டுப் போடு" என்றார். அவருக்கு எல்லாவற்றிலும் பயம். பையன்கள் அதைப் பார்த்ததும் ஒருத்தனும் கத்தவில்லை, அப்படியே அமைதியாகிவிட்டார்கள். ஜெகதீஷ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். இப்படி ஒரு மரியாதையை அந்த சென்டரில் நான் பார்த்ததே இல்லை. உலகமே பார்க்கட்டும் என்று அந்தப் படத்தை இன்டர்நெட்டில் என் ஆர்க்குட் பக்கத்திலும் போட்டு, "யாரும் தொட முடியாத உயரத்துக்குப் போய்விட்ட எங்கள் மாமா" என்று எழுதியிருக்கிறேன்.

ஆகவே மாமா, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் வந்து அக்கா கையைப் பிடிக்க வேண்டும். எனக்குச் சட்டை வேண்டாம், பழசே போதும். கல்யாணத்தன்று வாசல் போர்டில் உங்கள் படம் எவ்வளவு பெரிசு என்பதை நீங்களே வந்து அளவு நாடா வைத்துச் சொல்லுங்கள், அதே மாதிரி அடித்துவிடலாம். சம்பங்கி அத்தைக்கு என் வணக்கம். கடையில் வேலை செய்கிற அண்ணன்களுக்கும், வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் என் அன்பு. நீங்கள் வாழ்த்தினால் நாங்கள் வாழ்வோம், திட்டினாலும் அதை நேரில் வந்து திட்டினால் வாழ்வோம்.

தங்கள் கைபிடித்து வளர்ந்த,
அஸ்வின்

பின்குறிப்பு: மாமா, கடிதத்தை ஒட்டுவதற்குள் கல்லாவியிலிருந்து சென்னம்மா பெரியம்மா போன் செய்தது. பேச்சு பாதி, அழுகை பாதி. ஆர்க்குட்டில் உங்கள் படத்தை மாலையோடும் மேகத்தோடும் பார்த்துவிட்டு பெரியம்மா மகள் ஸ்வாதி வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவள் அழுகிற பொம்மை ஒன்று போட்டிருந்தாள், நான் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நன்றி சொல்லியிருந்தேன். உங்களுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள், நான்கு நாளாக ஸ்விட்ச் ஆஃப். அதோடு முடிவே செய்துவிட்டார்கள். அம்மா போனைப் பிடுங்கி, "அண்ணன் நல்லாதான்க்கா இருக்காரு" என்று கத்துவதற்குள் பெரியம்மா, "மறைக்காத நாகு, நாங்க கெளம்பிட்டோம்" என்று வைத்துவிட்டது. வேனில் இருபத்தொரு பேர். நம் சொந்தம் முழுக்க. மெல்வின் அண்ணன் பைக்கில் இந்தக் கடிதத்தோடு இப்போதே புறப்படுகிறார், எப்படியாவது வேனை முந்தச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து கடை வாசலில், எல்லாரும் பார்க்கிற மாதிரி, எழுந்து நின்றுகொண்டிருக்கவும். எக்காரணம் கொண்டும் மெத்தை மேல் படுத்து டெமோ காட்ட வேண்டாம். பெரியம்மா நேரில் பார்த்துவிடும், ஆனால் வேனில் இடம் இல்லாதவர்கள் மற்ற ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்களாம். ஒவ்வொரு ஊராகப் போய் விளக்க முடியாது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடப் போவது அக்கா கல்யாணத்தில்தான். அன்றைக்கு எல்லார் கண் முன்னாலும் அக்கா கையைப் பிடித்து நீங்கள் நடந்து வந்தால்தான் மாமா, நீங்கள் உயிரோடு இருப்பதை இந்த ஜில்லா நம்பும்.